கழற்றச் சொல்லாத சப்பாத்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

நீங்கள் அனுப்பிய விதிக்கோவையை இரண்டு தரம் படித்தேன். நீரிழிவுக்காரர் மாதாமாதம் சீனியின் அளவைக் குறைத்துக் காட்டினால் கடைக் கூப்பன். ஆறு மாதம் இடைவிடாமல் காட்டினால் பெருந்தொகை. இடையில் வீடு தேடிப் போய் வழி சொல்ல ஓர் ஆள். ஓய்வுபெற்ற பிறகு வாவிக்கரையில் நான் நடத்திய திட்டமும் இதேதான். பிழை ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எழுத்துப்பிழைகூட இல்லை. ஏழாம் பிரிவில் மட்டும் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

"மேற்குறித்த ஆறு மாதத்தினுள் எக்காரணம் கொண்டும் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுபவரின் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்படும், அவர் முதலாம் மாதத்திலிருந்து மீளத் தொடங்குதல் வேண்டும்."

இந்த வசனத்தை எழுதியவன் நான். யாரோ யாரிடமிருந்தோ பிரதி எடுத்து, அது உங்கள் மேசை வரை வந்திருக்கிறது. நான் எழுதிய நல்ல கடிதம் ஒன்றுகூட இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததில்லை. "ஏழாம் பிரிவை நீக்கவும்" என்று ஒரு வரியில் பதில் அனுப்பலாம். காரணம் தெரியாமல் நீக்கினால் இன்னொரு புத்திசாலி அதைத் திரும்ப எழுதுவான். ஆகவே காரணத்தையும் எழுதுகிறேன்.

சுகாதார அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புப் பார்த்தவன் நான். சுற்றறிக்கைகளை இலக்கத்தோடு சொல்வேன். கறியில் உப்புக் காணாது என்று யாரும் சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்வேன் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அந்தத் திட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். காசு கொடுக்கும் இடத்தில் கள்ளம் வரும், அதை அடைக்க ஆள் வேண்டும் என்றார்கள்.

கள்ளம் வரத்தான் செய்தது. முதல் மாதமே ஒருவர் தனக்குப் பதிலாகத் தம்பியை அனுப்பியிருந்தார். விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்க முன் "பேர் என்ன?" என்று கேட்டேன். "அண்ணன்ட பேரா சேர், என்ட பேரா?" என்று கேட்டார் தம்பி. அடையாள அட்டை பற்றிய பிரிவு அப்படிப் பிறந்தது. இன்னொருவர் வேறு வருத்தத்துக்காக ஆசுபத்திரியில் பத்து நாள் கிடந்து, அங்கே ஊசி போட்டுச் சீனி நன்றாக இறங்கியதும் நேரே வந்து கூப்பனை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய முயற்சி இதில் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கோபம். அன்று பின்னேரமே ஏழாம் பிரிவை எழுதினேன். முகாமைக் குழுவில் ஒரு பெரியவர் அதை வாசித்துவிட்டு, "ஓட்டை இல்லாத வேலை" என்றார். அந்தப் பாராட்டை வீட்டில் இரண்டு தரம் சொன்னேன்.

நல்லதம்பி இரண்டாவது தொகுதியில் வந்தவர். தன்னாமுனைப் பக்கத்தில் வாவிக்கரையோரம் வீடு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோணி இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து நடந்து வலை வீசுவார். மனைவி பொன்னம்மாவோடு பதிய வந்தார்.

"வருத்தத்துக்குக் காசு குடுக்கிறீங்களாம், மெய்யா சேர்?"

"வருத்தத்துக்கு இல்ல. வருத்தத்தக் குறைக்கிறதுக்கு."

"அப்ப எட்டு வரிசமா இத நான் சும்மாதான் வெச்சிரிந்திரிக்கன்," என்று தலையில் கைவைத்தார்.

"இவர்ட்ட வேற என்ன சொத்து இரிக்கி சேர்?" என்றாள் பொன்னம்மா. "இதாவது உதவட்டும்."

என்ன தேவைக்கு என்று நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். ஒரே மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் என்பது உங்களுக்குத் தெரியும். சுவர் எழும்பிவிட்டது, ஓடும் போட்டாயிற்று. கதவும் ஜன்னலும் இல்லை. ஆவணியில் கலியாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். தச்சர் சொன்ன விலை, எங்கள் ஆறாம் மாதப் பரிசுக்கு ஏறக்குறையச் சரி. மனிதர் அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

அவருடைய கிராமத்துக்கு வழிகாட்டியாகப் போனவள் தர்சினி. உயர்தரம் முடித்துத் தாதிப் பயிற்சிக்குக் காத்திருந்த பிள்ளை. ஆவணத்தில் அவளுடைய பதவி "நலவாழ்வுத் துணைவர்". ஊரில் எல்லோருக்கும் அவள் "சீனிப் புள்ள". விதிகளை ஒவ்வொரு பிரிவாக உரத்து வாசித்து, விளங்கிற்றா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது என் கட்டளை. அவள் ஏழாம் பிரிவை வாசித்து முடித்ததும் நல்லதம்பி கைதூக்கினார்.

"ஒரு ராத்திரி மட்டும் ஆசுபத்திரில நிண்டாலும் போச்சா சேர்?"

"ஓம். ஒரு ராத்திரி எண்டாலும் போச்சு," என்றேன். கேள்விக்குத் தயாராக விடை வைத்திருக்கும் ஒருவனின் சந்தோஷத்தோடு சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நான்கு மாதமும் எங்கள் திட்டத்தின் பெருமையே அவர்தான். தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதை விட்டார். இரவுச் சோறு பாதியானது. தர்சினியின் சைக்கிள் மணி ஒழுங்கையில் கேட்டால், "கோப்பைய மூடுகா பொன்னம்மா, சீனிப் புள்ள வருகுது" என்று வேண்டுமென்றே சத்தம் போடுவாராம். தினமும் நடக்கச் சொன்னபோது, "தண்ணிக்க நடக்கிறது நடையில்லையா?" என்று கேட்டார். தர்சினி என்னிடம் கேட்டாள். விதியில் தரை என்று இல்லை, ஆகவே தண்ணீரும் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் கூடுதலாக வாவிக்குள் நின்றார். வெறுங்காலோடு.

பாடத்திட்டத்தில் கால் பராமரிப்பு பற்றிய பாடம் ஒன்று இருந்தது. நன்றாகத் தயாரித்த பாடம், படங்களோடு. அதை ஏழாம் மாதத்துக்கு வைத்திருந்தேன். கால் கழுவித் துடைப்பதால் சீனியின் அளவு குறையாது அல்லவா? எது அளவைக் குறைக்குமோ அதுதான் முதல் ஆறு மாதத்துக்கு.

அரையாண்டு அறிக்கையின் அட்டையில் நல்லதம்பியின் படம் போட்டோம். கூப்பனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அழகுக்காகப் படத்தை இடுப்போடு வெட்டியிருந்தார்கள்.

ஐந்தாம் மாதம் அளவெடுக்கும் நாளில் அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கறுப்புச் சப்பாத்து, உள்ளே மேசு என்கிற காலுறை. செருப்பையே கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற மனிதர்.

"என்ன நல்லதம்பி, புதுச் சப்பாத்து?"

"மாப்பிள்ள பகுதியார் வந்து போற நேரம் சேர். மதிப்பா இரிக்க வேணுமே."

நான் சிரித்தேன். அளவு எல்லைக்குச் சற்றுக் கீழே இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் போனதும் தர்சினி என் மேசைக்கு வந்தாள்.

"சேர், நல்லதம்பி மாமா வீட்டுக்குள்ளயும் சப்பாத்தோடதான் இரிக்கார். ரெண்டு கிழமையாப் பாக்கிறன்."

"நல்லதுதானே. வெறுங்காலோட திரியாதீங்க எண்டு நாமதான் சொல்லப் போறம். அவர் முந்திட்டார்."

"ஆள் மெலிஞ்சும் போனார். கிட்டப் போனா ஒரு மணமும் வருகுது சேர்."

அந்த வருடம் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டத் தாமதித்து, கடலுக்குப் போக வழியில்லாமல் வாவித் தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது. என் மேசைக்குப் பின்னாலிருந்த ஜன்னலைக் காட்டினேன். "வாவிக்கரையில மணம் இல்லாம இரிக்குமா புள்ள?"

"எங்க எழுத சேர் இத? படிவத்தில காலுக்கு இடமில்ல."

"‘வேறு’ எண்டு ஒரு கட்டம் இரிக்கி. அதில எழுதுங்க."

எழுதினாள். "சப்பாத்தைக் கழற்றுவதில்லை. மணம். மெலிவு. கால் பார்க்க வேண்டும்." அந்தப் படிவத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. வாசிக்காமல் போட்டது. பிறகு பல தரம் வாசித்தேன்.

"கழட்டச் சொல்லிப் பாருங்க" என்று நான் சொல்லியிருந்தால் அவள் அன்றே சொல்லியிருப்பாள். என் அனுமதிக்காகத்தான் வந்து நின்றாள். நான் அவளுக்கு ஒரு கட்டத்தைக் காட்டி அனுப்பினேன். உங்களில் யாராவது ஒரு நாள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருவீர்கள். அப்போது ஒரு பிள்ளை வந்து, "எங்க எழுத?" என்று கேட்டால், எழுதும் இடத்தைக் காட்டாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.

ஆறாம் மாதம் அளவையும் எடுத்து, அன்றே பரிசும் கொடுத்து ஒரு விழா எடுப்பதாக முடிவானது. நிகழ்ச்சி நிரலை நான்தான் அச்சடித்தேன். கிராமத்துப் பல்தேவைக் கட்டடம், வெளியூரிலிருந்து ஒரு பிரதம விருந்தினர், குத்துவிளக்கு. முதல் திரி விருந்தினருக்கு. இரண்டாம் திரி "முதன்மைப் பயனாளி" நல்லதம்பிக்கு.

காலை ஏழரைக்கு அளவெடுத்தோம். தேறிவிட்டார். எப்படித் தேறினார் என்பது பிறகு தெரிந்தது. முதல் நாள் காலையிலிருந்து ஒரு பருக்கை சாப்பிடவில்லை. சீனிக்குத் தந்த குளிசையை இரண்டு மடங்காக விழுங்கியிருந்தார். காலில் புண் இருந்தால் சீனி ஏறும். அதை இறக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

பதினொரு மணிக்குச் சற்று முன் விளக்கேற்றல். விருந்தினர் தன் சப்பாத்தை மேடைப் படியடியில் கழற்றிவிட்டு ஏறி முதல் திரியைக் கொளுத்தினார். நல்லதம்பியின் பெயரைச் சொன்னார்கள். சனம் கைதட்டியது. அவர் ஏறி வந்தார், சப்பாத்தோடு. விளக்குக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டார்.

கைதட்டல் நின்றது. முன்வரிசையில் ஒரு கிழவர், "என்ன மனிசன்கா இவன், விளக்குக்கு முன்னால சப்பாத்தோட!" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். பொன்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மாதிரி நேரத்தில் நிலைமையைச் சீர்செய்வதுதான் என் தொழில். போய் அவர் காதோடு சொன்னேன்.

"சப்பாத்தக் கழட்டுங்க நல்லதம்பி."

"வேணாம் சேர். வேற ஆரும் கொளுத்தட்டும்."

"நிரல்ல உங்கட பேர்தான் இரிக்கி. கழட்டுங்க, ஆக்கள் பாக்கிறாங்க."

அவருடைய முகம் வேர்த்து ஒழுகியது. மேடைக் கூச்சம் என்று நினைத்தேன்.

"சேர், நான் கதவுக்குச் சொல்லி வெச்சிட்டன்," என்றார்.

அந்த வசனம் எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் முயலவும் இல்லை. "கழட்டுங்க," என்றேன் மறுபடியும்.

அவர் குந்தினார். ஒரு சப்பாத்து சுலபமாக வந்தது. மற்றதை இழுத்தபோது மேசு காலோடு ஒட்டிக்கொண்டு வந்து, பாதி வழியில் நின்றது. பக்கத்தில் நின்ற விருந்தினர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். அந்த மணத்துக்கும் வாவிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது கட்டடத்திலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன.

எப்போதோ யாரோ என் கையில் மெழுகுதிரியைத் தந்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். தர்சினி கீழேயிருந்து ஓடி வந்தாள். அவர் உடம்பு நடுங்குவதைப் பார்த்ததும் முதலில் காலைத் தொடவில்லை. விருந்தினருக்காக வைத்திருந்த சோடாப் போத்தலை மேசையிலிருந்து எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

"புள்ள, அது இனிப்பு!" என்றேன். பயனாளிகளுக்கு இனிப்புப் பானம் கொடுக்கக்கூடாது என்பது பன்னிரண்டாம் பிரிவு.

"சீனி விழுந்துபோச்சு சேர், விடுங்க! குடிங்க மாமா, ஒள்ளுப்பம் குடிங்க. இன்னும் கொஞ்சம்." பிறகு சனத்தைப் பார்த்து, "ஆட்டோ கொண்டு வாங்க!" என்று கத்தினாள்.

இரண்டு வாய் குடித்ததும் நல்லதம்பிக்குப் பார்வை தெளிந்தது. அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஆசுபத்திரி வேணாம் சேர். பரிசு வாங்கின பொறகு போறன். சரியா ஒரு மணித்தியாலம்."

பரிசளிப்பு நிரலில் ஒன்பதாவது. அதுவரை மூன்று பேச்சு இருந்தது. நான் உண்மையாகவே நிரலைப் பார்த்தேன். நான் பார்த்து முடிக்க முன், தர்சினியும் கிராமத்தவர் இருவரும் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

வாவிக்குள் மட்டி ஓடு காலைக் கிழித்திருந்தது. நான்காம் மாதம். ஆசுபத்திரிக் கட்டிலில் வைத்துச் சொன்னார். "குத்தினது தெரியா சேர். கரைக்கு வந்து காலக் கழுவேக்க தண்ணி சிவப்பா வந்திச்சு. அப்பதான் கண்டன். மஞ்சள் வெச்சுக் கட்டினன். காட்டினா ஆசுபத்திரி வாட்டில மறிச்சிருவாங்களே." அப்போது முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாகிவிட்டது. வைத்தியர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டு, இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் மருந்து கட்டி இரண்டு கிழமையில் அனுப்பியிருப்போம் என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நானும் ஏழாம் பிரிவைப் பற்றிச் சொல்லவில்லை.

நான் புறப்பட எழும்பியபோது நல்லதம்பி கேட்டார்: "காலைல எடுத்த அளவு செல்லுந்தானே சேர்?"

"பாப்பம்," என்றேன். அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். அவருக்குத் தெரியாது. "ஓம் சேர், பாருங்க," என்று கும்பிட்டார்.

குழு என்னிடம் அபிப்பிராயம் கேட்டது. இதைத்தான் நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய ஆறாம் அளவு காலை ஏழரைக்கு எடுத்தாயிற்று. அவர் ஆசுபத்திரிக்குப் போனது பதினொரு மணிக்கு. ஆறு மாதம் ஏழரைக்கே முடிந்துவிட்டது என்று நான் எழுதியிருக்கலாம். இதைவிட மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பெரிய ஆட்களுக்குச் சாதகமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பரிசைக் கொடுத்தால், அழுகிய காலோடு ஒருவர் இரண்டு மாதப் பரிசோதனையை எப்படித் தாண்டினார் என்று யாராவது கேட்பார்கள். படிவங்களை எடுப்பார்கள். ‘வேறு’ என்ற கட்டத்தை வாசிப்பார்கள். கீழே கையெழுத்து யாருடையது என்று பார்ப்பார்கள்.

"ஏழாம் பிரிவின்படி தொடர்ச்சி அறுந்துள்ளது" என்று எழுதினேன்.

இறுதி அறிக்கையில் அவர் "இடைநடுவில் விலகியவர்" என்ற தலைப்பின் கீழ் வந்தார். விலகியவர்களை விழுக்காட்டில் சேர்ப்பதில்லை. ஆகவே திட்டத்தின் வெற்றி சற்றுக் கூடித் தெரிந்தது. தர்சினி அதை வாசித்துவிட்டு, "விதிப்படி சரிதான் சேர்," என்றாள். அதற்குப் பிறகு என்னோடு வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. பயிற்சிக்கு அழைப்பு வந்ததும் போய்விட்டாள்.

ஆகவே பிள்ளைகள், காசு கொடுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. நல்லதம்பி சீனியை விட்டது காசுக்காகத்தான். விட்டது விட்டதுதான், இன்றைக்கும் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதில்லை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எதற்குக் காசை வெட்டுகிறீர்களோ அதை ஒளிப்பார்கள். நான் ஒரு மனிதனின் நோய்க்கு விலை வைத்துவிட்டு, அவன் நோயை என்னிடம் காட்டவில்லை என்று கவலைப்படுகிறேன். ஏழாம் பிரிவை அடியுங்கள். புண்ணோடு வருகிறவருக்கு அந்த மாதக் கூப்பனை முதலில் கொடுங்கள். கால் பாடத்தை முதல் நாளுக்குக் கொண்டு வாருங்கள்.

இவ்வளவும் எப்போதோ எழுதியிருக்க வேண்டியது. இப்போது எழுத வேறொரு காரணமும் உண்டு.

எனக்கும் சீனி. இரண்டு வருடமாகிறது. போன மாதம் கிளினிக்கில் என் இலக்கத்தைக் கூப்பிட்ட தாதி தர்சினி. பழைய கதை ஒன்றும் பேசவில்லை. அளவைக் கொப்பியில் எழுதினாள். கால் சிலநேரம் எரிகிறது என்றேன். கிளினிக் டொக்டருக்குத் துண்டு எழுதித் தந்துவிட்டு, "அவர் அடுத்த கிழமைதான் வருவார். அதுக்குள்ள நல்லதம்பி மாமாட்டயும் ஒருக்காப் போங்க சேர். கால் பாக்கிறதில எங்களவிடக் கெட்டிக்காரன்," என்றாள்.

மூன்று நாள் யோசித்துவிட்டுப் போனேன். மகளின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கதவு இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ள போட்டது சேர். கலியாணம் ஒரு வரிசம் தள்ளிப் போச்சு. மறுகா அவனே கொண்டுவந்து பூட்டினான். சீதன வீட்டுக்கு மாப்பிள்ள கதவு போட்டது இந்த ஊரிலயே எனக்குத்தான்." சிரித்தார். பொன்னம்மா சிரிக்கவில்லை.

"சப்பாத்தோட வாங்க சேர், பரவாயில்ல," என்றாள் அவள் மரியாதைக்கு.

"வேணாம்," என்றார் நல்லதம்பி. "சப்பாத்தும் மேசும், ரெண்டையும் கழட்டட்டும்."

கழற்றினேன். முன்னால் இருந்த கதிரையில் இருத்தி, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். பொன்னம்மா கண்ணாடியையும் ஈரத் துணியையும் கொண்டுவந்து வைத்தாள். ஊரில் பலரும் இப்படி வந்து இருந்து போவது அவர்களின் பழக்கத்திலிருந்தே தெரிந்தது. விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். குதியைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஒண்டும் இல்லையே நல்லதம்பி," என்றேன்.

"நீங்க சொல்லாதீங்க சேர். நானும் அப்பிடித்தான் சொல்லிட்டிரிந்தன்."

வலையிலிருந்து ஒரு சாண் நைலோன் நூலை வெட்டி எடுத்தார். சீனிப் புள்ள காட்டித் தந்த வேலை என்றார். "கண்ண மூடுங்க. நூல் படுற நேரம் சொல்லுங்க."

கண்ணை மூடினேன். ஒழுங்கையில் ஒரு சைக்கிள் போனது. உள்ளே மகள் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தேன். வலையில் ஏதோ சிக்கெடுக்கிறார் போலும் என்று நினைத்தேன்.

"என்ன நல்லதம்பி, இன்னும் தொடங்கல்லையா?"

என் காலைப் பிடித்திருந்த கை சற்று இறுகியதுபோல் இருந்தது.

"நாலு இடம் தொட்டுட்டன் சேர்," என்றார்.